காய் விட்டவன்

என் மகளோடு ஒருத்தன் காய் விட்டுவிட்டான். நாலு வருஷமாகிறது. இன்னும் பழம் விடவில்லை. அந்தப் பயல் மட்டும் கையில் கிடைத்தால் முதுகில் ரெண்டு வைத்துவிட்டுத்தான் மறுபேச்சு என்று எத்தனையோ தடவை பல்லைக் கடித்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், அப்படி ஒரு பயலே கிடையாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

நித்திலாவுக்கு எட்டு வயதில் டெங்கு வந்தது. அந்த வருஷம் திருப்பூரில் தெருவுக்குத் தெரு டெங்கு. இவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கி, நுரையீரலில் நீர் கோத்து, கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வாயில் குழாயோடு கிடந்தாள். குழாய் வைத்த பிள்ளைகளை மயக்கத்தில்தான் வைத்திருப்பார்கள். முன்பெல்லாம் அந்த மயக்கத்தில் பிள்ளைகள் கண்டபடி பேய்க்கனவு கண்டு, வீட்டுக்கு வந்த பிறகும் வருஷக்கணக்கில் அலறுமாம். அதைத் தடுக்க ‘துயில்துணை’ என்று ஒரு கருவி வந்திருந்தது. தலையில் வலை மாதிரி ஒரு தொப்பி. மயங்கிக் கிடக்கிற பிள்ளைக்குள் அது ஒரு நல்ல கனவை ஓட்டும். ஒரு ஆறு, ஒரு தோப்பு, கூட விளையாட ஒரு தோழன். வெளியே ஊசி குத்தினால் உள்ளே எறும்பு கடித்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

நல்ல கண்டுபிடிப்பு. நான் குறை சொல்லவில்லை. என் பெண் ஒரு நாளும் அலறியதில்லை. ஆனால் குழாயை எடுத்து, கண் விழித்து, தொண்டை கட்டிய குரலில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “பரிதி எங்கம்மா?” என்பதுதான். அம்மா என்று என்னைக் கட்டிக்கொள்வாள் என்று காத்துக்கிடந்த எனக்கு எப்படி இருந்திருக்கும்!

“பிள்ளை பொழச்சுக்குச்சல்ல, அப்பறம் என்ன?” என்பார்கள் சொந்தக்காரர்கள். அப்புறம்தான் எல்லாமே. கால் ரெண்டும் குச்சி. மாடிப்படி ஏற ஒரு வருஷம் பிடித்தது. கடையில் எடை மெஷின் ‘பீப்’ என்று கத்தினால் என் முந்தானைக்குள் புகுந்துகொள்வாள். படித்தது மனதில் நிற்காமல் ஒரு வகுப்பு பின்தங்கினாள். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன், அதை விட்டேன். என் வீட்டுக்காரர் தனபால் எம்ப்ராய்டரி யூனிட் நடத்துகிறார். வீட்டுக்கு வந்தால் அழுகை வருகிறது என்று யூனிட்டிலேயே படுக்க ஆரம்பித்தார். எங்களுக்குள் மாத்திரை, ரிவ்யூ தேதி தவிர வேறு பேச்சே இல்லாமல் போனது. ஆஸ்பத்திரியில் கிடந்தது நாலு வாரம். அதன் மிச்சத்தைத்தான் நாங்கள் நாலு வருஷமாகத் தின்றுகொண்டிருந்தோம்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தப் பரிதி. பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையோடும் இவள் ஒட்டவில்லை. இடைவேளையில் மரத்தடியில் தனியாக உட்கார்ந்து சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். கருவி தயாரித்த பொம்மைத் தோழன் அவன், நிஜமில்லை என்று ஆயிரம் தடவை சொல்லியாகிவிட்டது. “செரிம்மா” என்பாள். மறுநாள் பழையபடி சுண்டுவிரல்.

கடைசியில் அந்த நினைவையே அழிக்கிற சிகிச்சைக்கு ஒத்துக்கொண்டோம். திங்கட்கிழமை தேதி. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ரிவ்யூவில் டாக்டர் ரெஹானா எனக்குப் பொறுமையாக விளக்கினார். என் வாயை நாலு வருஷமாகத் தாங்குகிற ஒரே டாக்டர் அவர்தான்.

“நினைவுங்கறது காஞ்ச மண்ணு மாதிரி சுகந்தி. அவளா வாய்விட்டுச் சொல்லும்போது மட்டும் கொஞ்ச நேரம் ஈரமாகும். அந்த நேரம் பார்த்து மருந்து குடுத்தா மங்கிப்போயிடும். இன்னைக்குச் சும்மா ஒரு தடவை முழுசா சொல்லிப் பாக்கட்டும். மருந்தெல்லாம் திங்கட்கிழமைதான்.”

கருவியைப் பராமரிக்கிற ஆல்வின் என்ற இளைஞர் மூலையில் உட்கார்ந்து ரெக்கார்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நித்திலா கதையை ஆரம்பித்தாள். ஆறு, தோப்பு, பரிதி.

“கடைசியா பந்தயம் விட்டோம் டாக்டர். அவன் எப்பவுமே அழுகுணி ஆட்டம்தான் ஆடுவான். நான் மூணு எண்றதுக்குள்ள ஓடிட்டான். எனக்குக் கோவம் வந்துருச்சு. ‘போடா கோழிப்பீ’ன்னு சொல்லிட்டேன். அவங்க வீட்டுல கோழிப்பண்ணை. அவனுக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. சுண்டுவிரலை நீட்டி காய்னு சொல்லிட்டுத் திரும்பி உக்காந்துக்கிட்டான். நான் ஸாரி சொல்றதுக்குள்ள என்னை எழுப்பிட்டாங்க.”

மூலையில் ரெக்கார்டர் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

“பாப்பா, இரு. என்ன சொன்ன? காய் விட்டானா?” என்று ஆல்வின் எழுந்தே விட்டார்.

“ஆமாண்ணா.”

“அழுகுணி ஆட்டம் ஆடுனானா?”

“எப்பவும்.”

ஆல்வின் டாக்டரைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. “மேடம், எங்க மெஷின் காட்டற தோழனுக்குக் கோவமே வராது. புள்ள அடிச்சாலும் சிரிக்கும். பந்தயத்துல அதுவா தோத்துக் குடுக்கும். பேரு கூட புள்ளதான் வைக்கணும், அதுக்குன்னு வீடு, கோழி எதுவும் கிடையாது. அதைச் செஞ்சவங்க வெளிநாட்டுக்காரங்க. காய்னா என்ன, பழம்னா என்னன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. “அப்ப அவன் யாரு?” என்றேன்.

ஆல்வின் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அந்த டெங்கு சீசன்ல பெட்டெல்லாம் நிறைஞ்சு வழிஞ்சுது. பாதிப் பிள்ளைகளுக்குத்தான் மெஷின் இருந்துச்சு. மத்ததுக எல்லாம் பயந்து துடிக்குதுக. எனக்குப் பொறுக்கல. கேபிள் டிவிக்கு ஒரு வீட்டு லைன்ல இருந்து அடுத்த வீட்டுக்கு இழுத்துக் குடுப்போமில்ல, அந்த மாதிரி ஒரு மெஷினைப் பிரிச்சு பக்கத்து பெட்டுக்கும் குடுத்தேன். ஒரே கனவை ரெண்டு பேரும் தனித்தனியா பாப்பாங்கன்னுதான் நெனச்சேன். உள்ள போய் சந்திச்சுக்குவாங்கன்னு சத்தியமா தெரியாது மேடம்.”

“இதை யார்கிட்டயும் சொல்லலையா ஆல்வின்?” டாக்டர் ரெஹானா சீறினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

நான் எழுந்து போய் ஆல்வினின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அறையப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சுவரோடு ஒட்டினார். அறைவதா! கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாலும் தகும் என்று இருந்தது எனக்கு.

“அப்ப அவன் நெஜமாம்மா?” என்று கேட்டாள் நித்திலா.

“நெஜம் கண்ணு. நெஜம்! நீ சொன்னதெல்லாம் நெஜம்!”

டாக்டர் வெளியே போய், அப்போது பக்கத்து பெட்டில் இருந்தது யார் என்று பழைய பதிவேட்டில் தேடி, போன் பேசிவிட்டுத் திரும்பினார். முகம் சரியில்லை. “அந்தப் பையனோட அம்மாகிட்ட பேசினேன். அவங்களுக்கு யாரையும் பாக்க விருப்பமில்லை. அவங்க விவரத்தை உங்களுக்குச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது சுகந்தி.”

“உசுரோட இருக்கானா? அதைச் சொல்லுங்க.”

“இருக்கான்,” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. திங்கட்கிழமைத் தேதியைத் தள்ளிப்போட முடியாது, தவறினால் அடுத்த முறை கிடைக்க வெகுநாளாகும் என்று மட்டும் ஞாபகப்படுத்தினார்.

நேராக யூனிட்டுக்குப் போனேன். “ஏனுங்க, அந்தப் பையன் நெஜமாமாங்க!” என்று வாசலிலிருந்தே கத்தினேன். மெஷின் சத்தத்தில் காது கேட்காமல் வெளியே வந்தவர், முழுவதும் கேட்டுவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தார். “அப்ப என்ற புள்ள பைத்தியமில்ல?” என்றார். நாலு வருஷமாக மனதுக்குள் அதைத்தான் வைத்துப் புழுங்கியிருக்கிறார் மனுஷன். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் காரில் கிளம்பினோம். கையில் இருந்த துப்பு எல்லாம் நித்திலாவின் தலைக்குள் இருந்ததுதான். கோழிப்பண்ணை; பண்ணைக்குப் பின்னால் காற்றாலை; அதில் இடி விழுந்து ஒரு றெக்கை மட்டும் கறுத்திருக்கும். பல்லடம் தாண்டினால் கோழிப்பண்ணைக்கும் பஞ்சமில்லை, காற்றாலைக்கும் பஞ்சமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை றெக்கை சுற்றுகிறது. நித்திலா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “அது இல்ல, அது இல்லப்பா, அதோ... ச்சே, அதுவும் இல்ல” என்று கத்திக்கொண்டே வந்தாள். அவள் இவ்வளவு சத்தமாகக் கத்தி நான் கேட்டே நாளாயிற்று. தனபால் சீட்டியடித்துக்கொண்டு ஓட்டினார். என்ன வீட்டில் விசேஷமா என்று கேட்கிற மாதிரி இருந்தது எங்கள் வண்டி.

குண்டடம் தாண்டி ஒரு டீக்கடையில் விசாரித்தோம். “கருப்பு றெக்கைங்களா? அதை மாத்திப்போட்டாங்களே, வருசமாச்சு. ஆனா அந்தப் பக்கத்துக்கு இன்னும் அதானுங் பேரு. அந்த வேப்பமரத்துல சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்,” என்றார் டீ ஆற்றியவர். நான் அவருக்கு மூணு தடவை நன்றி சொன்னேன். டீயைக் குடிக்காமலே ஓடிவந்துவிட்டோம்.

நீளமான பண்ணைக் கொட்டகை. பக்கத்திலேயே ஓட்டு வீடு. தீவன மூட்டையை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். என் வயதுதான் இருக்கும். பூங்கோதை என்று பெயர், அப்புறம்தான் தெரியும்.

“ஆஸ்பத்திரில இருந்துங்களா? போன்லயே சொல்லிப்போட்டனுங்களே,” என்றாள். “இன்னொரு டெஸ்ட்டு, இன்னொரு நம்பிக்கை, இதெல்லாம் தாங்க எனக்குத் தெம்பு இல்லீங். எங்கள விட்டுருங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் நித்திலா முந்திக்கொண்டாள். “அத்தை, பரிதி இருக்கானா?”

பூங்கோதையின் கையிலிருந்து மூட்டையின் வாய் நழுவித் தீவனம் கொட்டியது. அந்த வீட்டுக்கு வந்து அவனைப் பெயர் சொல்லி, விளையாடக் கூப்பிடுகிற மாதிரி யாரும் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! உள்ளே கையைக் காட்டினாள்.

கட்டிலில் பதிமூன்று வயதுப் பையன் சாய்ந்து கிடந்தான். கழுத்துக்கு முட்டுக்கொடுத்துத் தலையணை. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் எங்கேயும் நிற்கவில்லை. கை ரெண்டும் மடங்கி இறுகியிருந்தது. பக்கத்தில் டேப்லெட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான யானைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் ஏன் வாயை மூடிக்கொண்டார் என்று அப்போதுதான் உறைத்தது.

நித்திலா கிட்டே போய் அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள். “டேய்,” என்றாள். “நான் நித்தி.” ஒன்றுமில்லை. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டினாள். பழத்துக்கு அதுதானே. அவன் கண் கூரை ஓட்டின் பக்கம் போயிற்று.

“அவனுக்குத் தெரியாது அம்மிணி,” என்றாள் பூங்கோதை. “மூளைக்காய்ச்சல். அட்மிட் பண்ணுன மறுநாளே மூளை போயிருச்சுன்னு பெரிய டாக்டரே சொல்லிப்போட்டாரு. உள்ள யாரும் இல்லியாமா. உனக்கு எப்படி இவனத் தெரியும்?”

நித்திலா சொன்னாள். நானாக இருந்தால் இழுத்துக் குழப்பியிருப்பேன். அவள் மளமளவென்று கொட்டினாள். பரிதிக்கு நீச்சல் தெரியாது, ஆனால் தெரியும் என்று பீற்றிக்கொள்வான். வெள்ளைக் கோழி எல்லாம் மக்கு, நாட்டுக்கோழிக்குத்தான் புத்தி என்பான். அம்மா அரிசி டிரம்முக்குள் கடலைமிட்டாயை ஒளித்துவைப்பாள், அவன் எடுத்துவிட்டு எலி என்று சொல்லுவான்.

“அரிசி டிரம்மு...” என்று பூங்கோதை சுவரைப் பிடித்துக்கொண்டாள். “எலின்னுதான் நானும் பொறி வாங்கி வெச்சேன்! இதையெல்லாம் அவனா சொன்னான்? பேசுனானா? எப்பச் சொன்னான்?”

“ஆஸ்பத்திரிலதான் அத்தை. நாங்க ரொம்ப நாளு ஒண்ணா விளையாடுனோம். வாரக்கணக்குல.”

நானும் பூங்கோதையும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். ரெண்டு பேருக்கும் ஒரே நொடியில் பளிச்சென்று உறைத்தது. மறுநாளே மூளை போய்விட்டது என்றார்கள். அதற்கப்புறம் வாரக்கணக்கில் அவன் பீற்றியிருக்கிறான், பந்தயத்தில் ஏமாற்றியிருக்கிறான், கோபித்துக்கொண்டிருக்கிறான்! உள்ளே ஆள் இல்லாமல் காய் விட்டது யார்?

உடனே ஆல்வினுக்குப் போன் போட்டேன். “தம்பி, அந்த லைனைத் திரும்பப் பிரிச்சுக் குடுக்க முடியுமா?” என்றேன். “இருங்க, மேடத்தையும் லைன்ல சேக்கறேன்,” என்றார். பிறகு டாக்டர் ரெஹானாவின் குரல். நான் சொல்லச் சொல்ல அவர் “யா அல்லா” என்றார்.

“சுகந்தி, கவனமா கேளுங்க. லேசான தூக்கம்தான், உடம்புக்கு ஆபத்து இல்ல. ஆனா நித்திலா மறுபடி அங்க போனா நினைவு முழுக்கப் புதுசாயிடும். அப்புறம் அழிக்கிற மருந்து என்னைக்குமே வேலை செய்யாது. அது மட்டுமில்ல, நாலு வருஷம் ஓடிடுச்சு. அவன் இன்னும் அங்க இருப்பான்னு யாராலும் சொல்ல முடியாது. அவ தனியா அந்த ஆத்தங்கரைல உக்காந்துட்டுத் திரும்பி வந்தா, வாழ்நாள் பூரா அதோடதான் இருக்கணும்.”

போனை வைத்துவிட்டு எல்லோருக்கும் அப்படியே சொன்னேன். தனபால் கையை உதறினார். “உனக்கென்ன கிறுக்கா சுகந்தி? நாலு வருசமா புள்ளயத் திரும்பக் கூப்பிட்டுட்டு இருக்கறோம். நீ மறுபடியும் அனுப்பறங்கற. நாளைக்கு மருந்து குடுத்தா அவ எல்லாத்தையும் மறந்துபோட்டு மத்த புள்ளைகளாட்டப் பள்ளிக்கூடம் போவா. அதைக் கெடுக்காத.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் என்னைக் கொன்றது. ஒரு பக்கம் என் பெண் குணமாகக் கிடைத்த ஒரே வழி. இன்னொரு பக்கம் ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் மகன்.

பூங்கோதையே முன்னால் வந்தாள். “வேண்டாமுங்க. அண்ணா சொல்றதுதான் செரி. உங்க புள்ளய வெச்சு என்ற புள்ளயத் தேட வேண்டாம். எலிக் கதை கெடைச்சுதே, எனக்கு அது போதுமுங்க.” சொல்லும்போதே அவள் உதடு கோணியது. போதும் என்கிற முகமா அது!

“ஏனுங்க,” என்றேன் தனபாலிடம். “நாம புள்ளயக் கூப்பிட்டு வரலீங்க. பாதியத்தான் இழுத்துட்டு வந்தோம். மீதி அவன்கிட்ட நிக்குது. நாளைக்கு மருந்து குடுத்தா அந்த மீதிய அறுத்து விட்டுருவோம். இவளும் மறந்துட்டா, இந்தப் பையன் பேசுனான்ங்கறதுக்கு உலகத்துல சாட்சியே இல்லாமப் போயிருமுங்க.”

“அவன் அங்க இல்லீன்னா?”

“அப்பா,” என்றாள் நித்திலா. “இல்லீன்னா இல்லீன்னு எனக்குத் தெரியணும். நீங்க எல்லாரும் அவன் இல்லவே இல்லன்னு சொன்னீங்க. நான் சொன்னதுதான நெஜமாச்சு? இப்பவும் நானே போய்ப் பாக்கறேன்.”

பன்னிரண்டு வயது! எங்கே படித்தாள் இந்தப் பேச்சை? தனபால் வெளியே போய்க் கொட்டகைப் பக்கம் ரெண்டு நடை நடந்தார். திரும்பி வந்து, கார் சாவியை எடுத்துக்கொண்டு, “பையன வண்டில படுக்க வெக்க எப்படி வசதின்னு பாருங்க,” என்றார். எனக்கு அவரை அங்கேயே கும்பிடலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை காலை. அழிப்பதற்காக ஒதுக்கிய அதே அறையில் ரெண்டு கட்டில் போட்டார்கள். ஒன்றில் நித்திலா, இன்னொன்றில் பரிதி. டாக்டர் ரெஹானா மேலிடத்தில் சொல்லிச் சண்டை பிடித்து அனுமதி வாங்கியிருந்தார். ஆல்வின் ரெண்டு தலைக்கும் தொப்பியை மாட்டினார். மாட்டியதையே அவர் மூன்றாம் தடவை சரிபார்ப்பதைப் பார்த்து, “தம்பி, போன தடவை தெரியாமச் செஞ்சீங்க. இந்தத் தடவை தெரிஞ்சு செய்யுங்க, அவ்வளவுதான்,” என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நித்திலா என் கையைப் பிடித்துக்கொண்டே கண்ணை மூடினாள். பிடி தளர்ந்தது. அந்த ஐசியூவில் அப்படித் தளர்ந்த கை அது. இழுத்துப் பிடித்துக் கத்திவிடலாமா என்று வந்தது எனக்கு. தனபால் என் தோளில் கை வைத்தார். ரெண்டு பேரின் மூளை அலையும் திரையில் ரெண்டு கோடாக ஓடியது. நித்திலாவுடையது குதித்துக் குதித்து, பரிதியுடையது சோம்பேறித்தனமாகப் படுத்துக்கொண்டு. பார்த்துக்கொண்டே இருந்தோம்.

படுத்திருந்த கோடு சட்டென்று எழுந்தது.

“மேடம்!” என்று கத்தினார் ஆல்வின். ரெண்டு கோடும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஏறின, இறங்கின. கட்டிலில் பரிதி அப்படியேதான் கிடந்தான், ஒரு விரல் அசையவில்லை. ஆனால் திரையில் ஓட்டப்பந்தயம். பூங்கோதை வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தாள். டாக்டர் ரெஹானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார்.

எழுப்பியதும் நித்திலா சிரித்தாள். அப்புறம் அழுதாள். அப்புறம், “பசிக்குதும்மா,” என்றாள்.

“இருந்தானா?” என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

“இருந்தான்! வளந்துட்டான்மா, என்னை விட ஒசரம். கொரல் வேற ஒடைஞ்சு போச்சு, கேக்கவே சகிக்கல.”

“கொரலு ஒடைஞ்சிருச்சா?” என்றாள் பூங்கோதை. தன் மகனுடைய குரலைப் பற்றி அவளுக்கு யாரோ செய்தி சொல்லவேண்டியிருக்கிறது.

“பழம் விட்டானா?” என்றார் தனபால்.

“அதெல்லாம் பாத்தவொடனே விட்டுட்டான்ப்பா. காய் விட்டதையே மறந்துட்டானாம்! நாந்தான் லூசு மாதிரி இத்தனை நாளா யோசிச்சுட்டு இருந்திருக்கேன்.” சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். நாலு வருஷம் எங்கள் குடும்பத்தை ஆட்டி வைத்த விஷயம்! எனக்கு மட்டும் அந்தப் பயல் முதுகில் ரெண்டு வைக்கவேண்டும் என்று மறுபடி தோன்றியது.

பிறகு எழுந்து உட்கார்ந்து பூங்கோதையைப் பார்த்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். “அத்தை, அவன் நெறையச் சொல்லச் சொன்னான். அந்த யானைப் பாட்டை நிறுத்தணுமாம், காது புளிச்சுப்போச்சாம், அவன் என்ன சின்னப் பாப்பாவான்னு கேட்டான். கிரிக்கெட் போடணுமாம். தண்ணி ஊத்தும்போது சூடு பாத்துட்டு ஊத்தணுமாம். கால் நீவிவிட வர்ற அண்ணன் வெங்காயம் தின்னுட்டு வர வேண்டாமாம். கோழிக்கு நீங்க பாடற பாட்டு அவனுக்கும் பாடணுமாம்.”

பூங்கோதை ஒவ்வொன்றுக்கும் “செரி, செரி” என்று தலையாட்டினாள். அழுகையும் சிரிப்புமாக மூக்கு ஒழுகியது. “எல்லாம் கேக்குதா அவனுக்கு? எல்லாமே கேக்குதா?” என்று டாக்டரைப் பிடித்து உலுக்கினாள். டாக்டர் ஆமாம் என்று தலையசைத்தார். ஆல்வின் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று குலுங்கினார். அந்த அறை முழுக்கத் திருவிழாவாக இருந்தது.

நித்திலா மட்டும் பேச்சை நிறுத்தியிருந்தாள். என்னைப் பார்த்தாள், சொல்லட்டுமா என்கிற மாதிரி. சொல்லு என்றேன்.

“இன்னொண்ணும் சொன்னான் அத்தை,” என்றாள் குரலைத் தாழ்த்தி. “விளக்கு வெச்சதும் நீங்க சாமிகிட்ட தினமும் ஒண்ணு கேப்பீங்களாம். எனக்கு முன்னாடி இவனக் கூட்டிக்கோன்னு. அதை இனிமே கேக்க வேண்டாம்னு சொல்லச் சொன்னான். அவனுக்குப் போறதுக்கு இஷ்டமே இல்லியாம்.”

நான் பூங்கோதையின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் துணிவில்லை. அவள் மெதுவாக நடந்து கட்டிலருகே போனது மட்டும் தெரிந்தது. பரிதியின் கன்னத்தில் வழிந்திருந்த எச்சிலை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். மண்டியிட்டு, அவன் காதோரமாக வாயைக் கொண்டுபோனாள்.

“செரி சாமி,” என்றாள். “இனிமே அதைக் கேக்கல. எனக்கு நெறைய ஆயுசு குடுன்னு கேக்கறேன்.”